யாருக்கும் சந்தேகம் இல்லை

என் கொழுந்தன் காய்கறி வாங்கினாலும் பாடம் நடத்துகிற மாதிரிதான் பேசுவார். "நேத்து வாங்கின கத்திரிக்காய் வெளிய பளபளன்னு இருந்துச்சு, உள்ள பூரா சொத்தை. அதனால இன்னிக்கு நானே பொறுக்கிக்கிறேன். புரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "எல்லாம் புரியுது சார், முதல்ல பையை விரிங்க" என்பார் கடைக்காரர். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கொழுந்தனும் சேர்ந்து சிரிப்பார். மறுநாளும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

அவர் என் வீட்டுக்காரரின் தம்பி. புவியியலில் டாக்டர் பட்டம் வரை படித்தவர். எங்களோடுதான் இருக்கிறார். "வேலை நிரந்தரம் ஆகட்டும் அண்ணி, அப்புறம் பொண்ணு பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே காதோரம் நரைத்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை கல்லூரியில் என்ன வேலை என்று கேட்டதற்கு, கௌரவ விரிவுரையாளர் என்றோம். கௌரவமாகத்தான் எழுந்து போனார்கள்.

அந்த வேலை எப்படியென்றால், கல்லூரி மூடும்போது இதுவும் முடிந்துவிடும். திறக்கும்போது மறுபடி கூப்பிடுவார்கள். நடத்துகிற மணிக்குத்தான் சம்பளம். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு விடுமுறையிலும் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் சொல்வார்: "மேல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி வைக்கிறது எங்க தொழில்லதான்னு நெனச்சேன். படிப்புலயும் இருக்கு போல."

"அண்ணே, உன் லிஃப்ட்ல மாட்டினவன் மணி அடிச்சா ஆள் வரும். எனக்கு அந்த மணியையும் வைக்கல" என்பார் கொழுந்தன்.

ஆனால் வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். முன்பெல்லாம் அவர் வகுப்பில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது முன்வரிசையே பாதி காலி. வருகிறவர்களிலும் சிலர் இரவெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தூங்குவார்கள். "எழுப்ப மனசு வராது அண்ணி. எழுப்பி என்னத்தச் சொல்றது? இந்தப் படிப்பு உனக்குச் சோறு போடும்னா? என்னப் பாத்துட்டு அவன் நம்புவானா?"

வீட்டில் எழுதி வரச் சொல்கிற கட்டுரைகளைக் கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறது என்றும் சொன்னார். எல்லாருடைய கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்குமாம். ஒருவன் கடைசி வரியைக்கூட வெட்டாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்: 'உங்களுக்கு வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' கொழுந்தன் அதன் கீழே சிவப்பு மையில் 'வேண்டாம், நன்றி' என்று எழுதிக் கொடுத்தாராம். அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு தட்டில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து ஒரு கேமராவும், மூன்று கால் உள்ள தாங்கியும், பெரிய விளக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணி, உங்க தையல் ரூம் எனக்குக் கொஞ்ச நாளைக்கு வேணும். அங்கதான் தெருச் சத்தம் வராது."

"தைக்கிறத எங்க வச்சுத் தைக்கிறது தம்பி?"

"கூடத்துல வச்சுக்கங்க. எல்லாப் பாடத்தையும் வீடியோவா எடுத்துத் தரணுமாம். நல்லா எடுத்துத் தர்றவங்களத்தான் நிரந்தரத்துக்கு முதல்ல பாப்போம்னு பிரின்ஸிபால் வாய்விட்டுச் சொல்லிட்டார். எல்லார் முன்னாடியும் சொன்னார்."

என் வீட்டுக்காரர் மெஷினைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார். "போச்சு, இனிமே டிவி பாக்கிறப்ப கடகடன்னு ஒரு சத்தம்" என்று முனகினார். ஆனால் அறைக் கதவின் இடுக்கு வழியே சத்தம் வராமல் இருக்க ரப்பர் பட்டை வாங்கி வந்து ஒட்டியதும் அவர்தான்.

முதல் இரண்டு நாள் கொழுந்தனுக்குப் பேச்சே வரவில்லை. கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். உள்ளே போவார், ஆரம்பிப்பார், நிறுத்துவார். வெளியே வந்து தண்ணீர் குடிப்பார்.

"சுவத்தப் பாத்துப் பேசத் தெரியல அண்ணி. எதிர்ல ஒரு முகம் இருந்தாத்தான் எனக்கு வார்த்தை வரும். நீங்க வந்து உக்காருங்களேன்."

எனக்குக் கூச்சம். யார் வீட்டு விசேஷத்திலும் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்கிறவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். "எனக்கு என்ன தம்பி புரியும்?" என்றேன்.

"புரிய வைக்கிறது என் வேலை. நீங்க சும்மா உக்காந்து கையில இருக்கிற வேலையப் பாருங்க. போதும்."

கேமராவுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு வார்த்தை வந்தது. அடேயப்பா, எப்படி வந்தது! ஆறு எப்படி வளைகிறது என்பதுதான் அன்றைய பாடம். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நடுவில் விரலால் ஒரு கோடு கீறி, சொம்பிலிருந்து தண்ணீரை மெல்ல விட்டார். வளைவில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாகப் போய் கரையை அரிக்கும், உள்பக்கம் மெதுவாகப் போய் மணலை இறக்கிவிடும், அதனால் வளைவு வளர்ந்துகொண்டே போகும் என்றார். சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணி, இப்ப உங்க முகம் சுருங்குச்சு. எங்க விட்டேன்?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"சொல்லுங்க, பரவால்ல."

"முதல் வளைவு எப்படி வந்துச்சுன்னு... நேராப் போற தண்ணி ஏன் வளைய ஆரம்பிக்கணும்?"

அவர் தொடையில் தட்டினார். "இதேதான்! வருஷா வருஷம் கடைசி பெஞ்சுல ஒருத்தன் இதக் கேப்பான்." உடனே தட்டில் ஒரு சின்னக் கல்லை வைத்தார். தண்ணீர் கல்லில் முட்டிக் கொஞ்சம் ஒதுங்கியது. அந்த ஒதுங்கல் எதிர்க் கரையைத் தின்றது. எனக்கே வாயைப் பிளந்து பார்க்கத் தோன்றியது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். இந்த முறை, "இப்போது கடைசி பெஞ்சில் ஒருவர் கேட்பீர்கள்" என்று அவரே சொல்லி, யோசிக்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தி, பிறகு பதிலையும் சொன்னார்.

அப்படித்தான் எல்லாப் பாடமும் எடுத்தார். இத்தனை வருடத்தில் எந்த இடத்தில் யார் தடுக்கி விழுந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடுக்கலுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு உதாரணம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. விளக்குச் சூட்டில் சட்டை நனைந்துவிடும். இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "கல்லூரிக்கு ஒரு மாணவி கிடைச்சாச்சு போல. பீஸு யார் கட்றது?" என்பார். "வெளிய போண்ணே, நீ பெயிலு" என்பார் கொழுந்தன்.

அவரோடு வேலை பார்க்கிற இன்னொரு வாத்தியார் இடையில் வந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மென்னுமுழுங்கி. பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். வணிகவியல். அவரும் கௌரவம்தான். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு விளக்கையும் மணல் தட்டையும் பார்த்தார்.

"என்ன சார், சினிமாவே எடுக்கிறீங்க? நான் புத்தகத்தை முன்னாடி வச்சு வாசிச்சுக் கொடுத்துட்டேன். ஒரு வாரத்துல முடிஞ்சுது."

"பசங்களுக்குப் புரியணும்ல சார்?"

"புரிஞ்சிடும், புரிஞ்சிடும்..." அதற்கு மேல் என்ன சொன்னார் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கொடுத்த பிறகு கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்களாம். ஆறு வளைகிற பாடத்தைத்தான் பெரிய திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கை தட்டினார்களாம். பிரின்ஸிபால் மேடையிலேயே அவர் தோளில் கை போட்டு, "பாடம் எடுக்கிறதுன்னா இப்படி எடுக்கணும்" என்று சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் என் வீட்டுக்காரரிடம், "அண்ணே, ஒரு கோட்டு தைக்கணும்னா எங்க நல்லாத் தைப்பாங்க?" என்று கேட்டார். வீட்டில் ஒரு தையல்காரி இருக்கும்போதே. கோட்டு எனக்குத் தைக்க வராது என்பது அவருக்குத் தெரியும்.

"நேர்காணலுக்கா, கல்யாணத்துக்கா?" என்றார் இவர்.

"ரெண்டுக்கும் ஒண்ணே போதும்ணே." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கல்லூரி திறந்தது. ஃபோன் வரவில்லை. விட்டுப் போயிருக்கும் என்று அவரே போனார். கால அட்டவணையில் அவருடைய பாடங்கள் எல்லாம் இருந்தன. மணியும் இருந்தது. ஆசிரியர் பெயர் எழுதுகிற இடத்தில் மட்டும் 'காணொளி' என்று போட்டிருந்தது.

பிரின்ஸிபாலிடம் பேசியதை அன்று சாயங்காலம் அப்படியே எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது குரல் உயரவே இல்லை.

"உக்காருங்கன்னார். உங்க வீடியோவப் பசங்களுக்குப் போட்டுக் காட்டி, யாருக்காவது சந்தேகம் இருந்தா கை தூக்குங்கன்னு கேட்டோம், ஒரு கைகூடத் தூக்கல, அவ்வளவு தெளிவா எடுத்திருக்கீங்கன்னார். சந்தேகம் இருக்கிற பாடத்துக்குத்தான் ஆள் போடணும்னு நிர்வாகம் முடிவு பண்ணியிருக்காம். மென்னுமுழுங்கி பாடத்துக்கு மொத்த வகுப்பும் கை தூக்கிருச்சாம். அதனால அவருக்கு வாரம் பூரா சந்தேக வகுப்பு."



"சரி, வீடியோவத் திருப்பிக் கேளு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டேண்ணே. கேமரா கல்லூரியோடது, விளக்கு கல்லூரியோடது, பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தோடது, இதுல உங்களுது என்ன இருக்குன்னு கேட்டார். வாய் என்னுது சார்னேன். சிரிச்சுட்டார். நல்லாப் பேசறீங்கன்னார்."

"நிரந்தரம்?"

"புவியியல்ல இனிமே இடமே இல்லையாம். சேர்ற பசங்க கொறஞ்சுட்டாங்க, இருக்கிறவங்களுக்கு வீடியோ இருக்கு. வேற ஏதாவது இருந்தா சொல்லி அனுப்பறோம்னார்."

மற்ற கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தார். ஒன்றில் துறையையே மூடிவிட்டார்கள். இன்னொன்றில், "உங்க கல்லூரி வீடியோவைத்தான் சார் நாங்களும் வாங்கிப் போடப் போறோம்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனாலும் தினமும் காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. வேலை தேடுகிறார் என்று நினைத்தோம். மென்னுமுழுங்கிதான் ஃபோன் பண்ணினார். அன்று மட்டும் தெளிவாகப் பேசினார். "அம்மா, சார் தினமும் இங்க வந்து வகுப்புல உக்காந்திருக்கார். எனக்குப் பாக்க முடியல. யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க."

இவர் எங்கோ பத்தாவது மாடியில் வேலையில் இருந்தார். நான்தான் போனேன்.

கல்லூரி என்கிற இடத்துக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. மாணவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதாக நினைத்துச் சுவரோரமாக நடந்தேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் பின்கதவு வழியே நுழைந்தேன்.

உள்ளே இருட்டு. முன்னால் சுவர் முழுக்க என் கொழுந்தன் முகம். அவருக்குப் பின்னால் என் தையல் அறைச் சுவர், அதில் நான் அளவு நாடா மாட்டுகிற ஆணி. குரல் மட்டும் அவருடையது மாதிரி இல்லை. கீச்சென்று, அவசர அவசரமாக இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாக ஓட விட்டிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் அதை இயக்குகிற உதவியாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாணவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தார்கள். ஒருவன் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தான். கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தன். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

திரையில் அவர், "இப்போது கடைசி பெஞ்சில் ஒருவர் கேட்பீர்கள்" என்றார். யோசிக்க அவர் விட்டிருந்த அந்த நிறுத்தம் வந்தது. உதவியாளர் ஏதோ அமுக்கினார். நிறுத்தம் தாண்டிப் பதிலுக்குப் போய்விட்டது. பக்கத்தில் என் கொழுந்தன் கண்ணை மூடித் திறந்தார்.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்றாள் உதவியாளரிடம். "மனுஷங்க வெட்டி நேராக்கின ஆறு இருக்குல்ல, அது கொஞ்ச காலம் ஆனா மறுபடி வளையுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? எனக்கு இந்த பட்டன்தான் தெரியும். சந்தேக நேரம் இந்தப் பாடத்துக்குக் கிடையாது. உக்காரு."

கொழுந்தன் என் கையைப் பிடித்தார். "அண்ணி, இத யாருமே கேட்டதில்ல" என்று கிசுகிசுத்தார். அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டார்.

"வளையும்மா! கண்டிப்பா வளையப் பாக்கும்" என்று இருட்டிலிருந்தே சொன்னார். "கரையக் கல்லு வச்சுக் கட்டாம விட்டா, அது தன் பழைய..."

திரையிலும் அவர் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதின. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த இருட்டில் அவர் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை.

"யாருங்க அது பின்னாடி? சத்தம் போடாதீங்க" என்றான் ஒருவன். "சார் சொல்றது கேக்க மாட்டேங்குது."

இரண்டு பேர் உஷ் என்றார்கள். அந்தப் பெண் அவரைப் பார்த்து, "பரவால்ல சார், இது பரீட்சைக்கு வராதுல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் அவர் பையை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. அதற்குப் பிறகு அவர் கல்லூரிக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. ஃபோனை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அந்த ஃபோன் ஒருநாள் அடித்தது. கல்லூரிதான். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்களாம், வெள்ளத்தைப் பற்றி. பழைய மாதிரியே அழகாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். கேமராவை உதவியாளரிடமே கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று என் வீட்டுக்காரர் அவரைக் கூடத்தில் உட்கார வைத்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"டேய், நான் படிக்காதவன். ஆனா இத மட்டும் கேளு. இந்த ஒரு தடவை கொழப்பிவிடு. பாதியச் சொல்லு, பாதிய முழுங்கு. பசங்க எல்லாம் கை தூக்கட்டும். அவனுங்களே உன்னக் கூப்பிடுவானுங்க."

"சரிண்ணே."

"சரின்னா? செய்வியா?"

"செய்றேண்ணே. எனக்கு மட்டும் அந்த வகுப்பு வேணாமா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். ரப்பர் பட்டை உரிந்துபோயிருந்ததால் உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது. புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ஒரே மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல், சில இடத்தில் வாய்க்குள்ளேயே. இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தேறிவிட்டான் என்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு, "மழை பெய்வதால் வெள்ளம் வருகிறது என்று நினைக்கிறீர்கள் இல்லையா? அப்படியானால் அதே மழை பெய்த பக்கத்துத் தெருவில் ஏன் வரவில்லை?" என்று அவருடைய பழைய குரல் தொடங்கியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கேள்வி கேட்டார், நிறுத்தினார், பதில் சொன்னார். இன்னொரு கேள்வி. இன்னொரு பதில்.

"கெடுத்தான்" என்றார் என் வீட்டுக்காரர். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதவு திறந்தபோது கொழுந்தனின் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சா அண்ணி?"

"கேட்டுச்சு தம்பி."

"எங்கயாவது புரியாம இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. எந்த இடம் என்று கேட்பார். நான் காட்டினால் உள்ளே போய் அதையும் சரிசெய்துவிட்டுத்தான் வருவார்.

"இல்ல தம்பி. எல்லாம் புரிஞ்சுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.